ஆளுக்கு ஆறு வார்த்தை

விவாகரத்தில் டீச்சருக்குக் கிடைத்த உருப்படியான லாபம், அவனை 'நீங்க' என்று கூப்பிடும் தொல்லை ஒழிந்ததுதான். மற்றபடி சோபா அவனுக்குப் போனது, ஃபிரிட்ஜ் இவளுக்கு வந்தது. வந்த ஃபிரிட்ஜும் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைத்தான் வெட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அவனைக் கூப்பிடவில்லை. வேறு ஆளுக்குக் காசு கொடுத்தாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவர்களெல்லாம் அவளிடம் திட்டு வாங்கி லைசென்ஸோடு போயிருக்கிறார்கள். ஊரில் பாதிப்பேருக்கு டீச்சர் என்றால் அவள்தான்.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டூல்ஸ் பையோடு மெக்கானிக் வந்து நின்றான்.

"நம்ம பிட்காயின் ஞாபகம் இருக்கா?"

"நம்மன்னு ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கா என்ன?"

இருந்தது. கல்யாணமான புதிதில், ஓவர்டைம் காசில் அவன் கொஞ்சம் பிட்காயின் வாங்கினான். அதைப் போனில் வைத்திருக்கும் வாலட் என்ற செயலி பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைத் திரையில் காட்டியது. போன் தொலைந்தால் இவைதான் சாவி, வரிசை மாறாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் என்றது. எழுதி வைத்தால் எவனாவது தூக்கிவிடுவான் என்று அவனுக்குப் பயம். "முதல் ஆறு எனக்கு, அடுத்த ஆறு உனக்கு. மனப்பாடம் பண்ணிக்கலாம். ஒருத்தரை விட்டு ஒருத்தர் ஓட முடியாது பாரு" என்றான். அவன் வாயிலிருந்து வந்ததிலேயே அன்பான பேச்சு அதுதான் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். பிறகு ஓடத்தான் செய்தார்கள். கோர்ட்டில் ஓட்டைக் குடைக்குக்கூட மல்லுக்கு நின்றவர்கள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது அதன் விலை பாதாளத்தில் கிடந்தது.

இப்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியிருந்தது. அவனுடைய போனோ, ஆறாவது மாடிச் சுவரில் ஏசி மாட்டும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து செத்திருந்தது.

"நல்லவேளை, போன்தான் விழுந்துச்சு" என்றான்.

"தெரியுது" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உன்னோட ஆறைச் சொன்னா வேலை முடிஞ்சிடும். ஆன்லைன்ல ஒரு நிபுணர் இருக்காரு. வார்த்தையைக் கொடுத்தா அவரே திறந்து தந்துடுவாராம்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "கொடுத்துட்டியா?"

"என்னோட ஆறு மட்டும்தான். மீதி ஆறையும் உடனே அனுப்புங்க சார்னு ரொம்ப அக்கறையாக் கேக்குறாரு."

"திருடனைக் கூப்பிட்டு, பூட்டு நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கன்னு சாவியை நீட்டியிருக்க."

"அவர் டை கட்டியிருந்தாரு" என்றான் அவன், ஈனஸ்வரத்தில்.

புதுப் போனை அவன் கையிலிருந்து பிடுங்கி, அந்த நிபுணருக்கு ஆறு வார்த்தை அனுப்பினாள். எந்த வாலட்டின் பட்டியலிலும் இடம்பெறாத, அச்சிலும் ஏறாத வார்த்தைகள். நிபுணர் அந்த நிமிஷமே காணாமல் போனார்.

மிச்ச ஆறு அவள் தலைக்குள் இருந்ததால்தான் பணம் இன்னும் பிழைத்துக் கிடந்தது. ஆனால் பாதிச் சாவி வெளியே போய்விட்டது. சீக்கிரம் திறந்து எல்லாவற்றையும் வேறு வாலட்டுக்கு மாற்றியாக வேண்டும். தன் ஆறை அவனிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை. சொன்னால் பன்னிரண்டும் அவன் கையில். அவனும் தன் ஆறைச் சொல்வதாக இல்லை. திருடனுக்குச் சொன்னதை மாஜி மனைவிக்குச் சொல்ல மாட்டானாம். கடைசியில் இரண்டு பேருமாக அவனுடைய அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். தம்பியை விவாகரத்து செய்தவளிடம் கொஞ்சமும் முகம் திருப்பாத நாத்தனார் அவள். தம்பியைப் பற்றி அவளுக்கும் தெரியும்.

கண் பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்தார்கள். அவன் தட்டும்போது டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், இவள் தட்டும்போது அவன். நாத்தனார் நடுவில் நடுவராக நின்றாள். அவன் ஆறைத் தட்டினான். இவள் ஆறைத் தட்டினாள். வார்த்தைகள் செல்லாது என்றது போன்.

"உன்னோடதுதான் தப்பு" என்றான் அவன்.

"என்னோடது தப்பாகாது. எனக்கு அது ரோடு மாதிரி."

நிஜமாகவே ரோடுதான். தினமும் வகுப்பு எடுக்கும் பாதையில், இடத்துக்கு ஒன்றாக ஆறு வார்த்தைகளையும் அவள் நட்டு வைத்திருந்தாள். பெட்ரோல் நிலையத்தில் மங்கி, அங்கே உட்கார்ந்திருக்கும் மேனேஜரின் முகராசிக்காக. ஆஸ்பத்திரி வாசலில் கிட்னி. வங்கியில் வோல்கானோ. திருப்பத்துக் குப்பைத்தொட்டியில் ஹஸ்பண்ட். அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, வேறு இடம் காலியாக இல்லை.

"ஏம்மா, அந்த ரோடு இப்ப ஒன்வே ஆயிடுச்சே?" என்றாள் நாத்தனார்.

டீச்சருக்குப் பகீரென்றது. நாத்தனார் சொன்னது சரி. வார்த்தைகளை நட்ட காலத்தில் ஒரு பக்கமாகப் போனவள், ஒன்வே வந்ததிலிருந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வரிசையும் சத்தமில்லாமல் கூடவே திரும்பிவிட்டது. பழைய சுற்று எங்கே ஆரம்பித்தது, மைதானத்து கேட்டிலா பெட்ரோல் நிலையத்திலா, அதுவும் குழம்பியது. ஊரே பயப்படும் டீச்சர் தப்பு செய்ததைப் பார்த்து, பல வருடமாகக் காணாத ஒரு சந்தோஷம் மெக்கானிக்கின் முகத்தில் பரவியது.

"சிரிச்சது போதும், வண்டில ஏறு" என்றாள். "அண்ணி, நீங்களும் வாங்க. போனை நீங்களே வச்சுக்குங்க, இவன் கையில கொடுக்க முடியாது."

கூட்டமில்லாத நேரம். 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு கார் ஒன்வேயில் எதிர்த்திசையில் நுழைந்தது. கை பழைய பழக்கத்தில் கியர் மாற்ற மாற்ற, அவள் உதடு அசைந்தது. கேட், வங்கி, ஆஸ்பத்திரி. எதிரே வந்த வேன்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் குடும்பத்தையே விசாரித்தான். நாத்தனார் பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குப்பைத்தொட்டித் திருப்பத்தில் கடைசி வார்த்தையை அவள் முணுமுணுத்தபோது, போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி நிறுத்தினார். அவளிடம் வண்டி கற்றவர்தான்.

"டீச்சர், நீங்களே இப்படி வரலாமா?"

"ஸ்டூடண்டுக்குத் தப்பா எப்படி ஓட்டுறதுன்னு காமிச்சேன்."

காவலர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். "இவரா ஸ்டூடண்ட்?"

"மக்கு ஸ்டூடண்ட். பாதியிலேயே நிறுத்திட்டேன்."

மரியாதை குறையாமல் அபராதம் எழுதிக்கொடுத்தார். மெக்கானிக் தன் பர்ஸைத் திறந்து பணத்தைக் கட்டினான். அதற்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

மறுபடியும் அதே அறை, அதே சுவர். இந்தத் தடவை அவள் தட்டி முடித்ததும் வாலட் திறந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கண் கலங்கியது. அவளுக்கும்தான். கண்ணாடிக் கடையில் வெளிச்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டாள்.

அங்கேயே எல்லாவற்றையும் புது வாலட்டுக்கு மாற்றினார்கள். இந்த முறை மூன்று பேருக்கும் தனித்தனிச் சாவி, இரண்டு பேர் சம்மதித்தால்தான் திறக்கும். ஃபிரேமில் பெயர் பொறிக்கும் மெஷினில் ஒவ்வொருவரும் தனியாகப் போய்த் தங்கள் வார்த்தைகளை எஃகுத் தகட்டில் பொறித்துக்கொண்டார்கள். மனப்பாட வேலை இனி வேண்டாம் என்பதில் மட்டும் ஏகமனதான முடிவு.

"மூணாவது சாவி எனக்கெதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"நாங்க ரெண்டு பேரும் எதுலயாவது ஒத்துப்போவோம்னு நினைக்கிறீங்களா அண்ணி?"

மறுவாரமே அது தெரிந்துவிட்டது. தன் பாதியை விற்க வேண்டும் என்றாள் டீச்சர். இன்னும் ஏறும், பொறு என்றான் அவன். நாத்தனார் தன் சாவியோடு அவள் பக்கம் சேர்ந்தாள். டீச்சர் இரண்டாவதாக ஒரு கார் வாங்கினாள், பக்கத்து சீட்டில் உட்காரும் தன் காலடியிலும் பிரேக் வைத்தது.

கொஞ்ச நாளில் விலை தடாலென்று இறங்கியபோது அவன் போன் செய்து புலம்பினான். 'சொன்னேனே' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு விலை பழையபடி ஏறியது. அன்றைக்கும் அவன் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. வகுப்பில் இருக்கிறேன் என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, நிழலில் நிறுத்திய புதுக் காரில் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.