இடது கைக்கு மூன்று அங்குலம்

1

இந்தக் கதையை அக்காவிடம் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதிய வரி இது: "தாளம் என்பது பிரபஞ்சத்தின் ஆதி மூச்சு, அதன் முன்னே மனிதன்..."

அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"டேய், பிரபஞ்சத்த விடு. இடது கை வரமாட்டேங்குதுன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

2

அக்கா இருபது வருடமாகத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறாள். வலது கை குத்தும். இடது கை உறையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். அந்தக் கைகளோடுதான் ஊழியர் பேண்டில் ஸ்நேர் டிரம் வாசிக்கச் சேர்ந்தாள். வலது குச்சி அதட்டும், இடது குச்சி மன்னிப்புக் கேட்கும். (இந்த உவமை எனக்கே பிடித்திருக்கிறது. ஆகவே சந்தேகத்துக்குரியது.)

ஆறு பேர் பேண்டுக்குத் தோளில் ஜரிகை வைத்த கோட்டு போடும் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை தனியா வாசிச்சுக் காட்டுங்கம்மா. ரெண்டு குச்சியும் மாத்தி மாத்தி அடிக்கிற உருட்டு சமமா வரலேன்னா டிரம்ம குடுத்துட்டு நீங்க கொடி பிடிங்க."

"நான் என்ன கம்பமா?" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடியது.

3

இங்கே ஒரு மேதையை வரவழைக்க நினைத்தேன். மழையில் நனைந்த தாடியோடு அவர் கதவைத்...

(யாரும் வரவில்லை.)

வீட்டில் இருந்தவர் அத்தான். தையற்காரர். இசை தெரியாது, அளவெடுக்கத் தெரியும். டேப்பை டிரம்மின் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்தார்.

"அடி, பாப்போம்."

"என்னங்க இது, டிரம்முக்குச் சட்டையா?"

"வலது ஆறு அங்குலம் தூக்குது. இடது மூணு. அப்புறம் சத்தம் எப்படி ஒண்ணா இருக்கும்?"

"அப்ப இடதத் தூக்கணும்."

"அதத் திட்டாத. அதுக்கு முடிஞ்சது மூணு. வலதக் கொஞ்சம் தணிஞ்சு வரச் சொல்லு."

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, டிரம்முக்கு மூன்று அங்குலம் மேலே, ஒரு நூல் கட்டினார். அதற்குக் கீழேதான் இரண்டு குச்சிகளும் நடக்க வேண்டும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு வாய் தேநீர் குடிக்கலாம், அவ்வளவு மெதுவாக.

வலது கை பழக்கதோஷத்தில் பதினொரு முறை நூலை அறுத்தது. எண்ணியது நான். அத்தான் எண்ணவில்லை, முடிச்சுப் போட்டார்.

4

முடிவுகள் கைவசம் இரண்டு.

(அ) மாஸ்டர் கண்கலங்கி, "அம்மா, இது வெறும் டிரம் இல்ல..." என்கிறார். (டிரம்தான்.)

(ஆ) அக்கா கொடியை வாங்கிக்கொண்டு... (இதை அவளிடம் காட்ட எனக்குத் தைரியமில்லை.)

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை, பயிற்சி அறைக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே பெஞ்சில் நானும் அத்தானும். உள்ளே உருட்டு தொடங்கி, மெல்ல வேகம் பிடிக்கிறது. நான் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். அத்தான் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எங்க மாப்ள?"

"மாஸ்டர் மூஞ்சியப் பாத்துட்டு வரேன் அத்தான். கதைக்கு வேணும்."

"உன் கதை நிக்கட்டும். இப்பத்தான் ரெண்டு கையும் சேந்து நடக்குது. கதவு சத்தத்துல கலைஞ்சிரும்."

கையை எடுத்துவிட்டேன். உருட்டு இன்னும் முடியவில்லை. முடிவு கேட்டு வந்தவர் நீங்கள் என்றால், எங்கள் பெஞ்சில் ஒருவருக்கு இடமிருக்கிறது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.