தரையில் விழுந்த இடுக்கி

அன்று பயிற்சிக் கல்லூரியின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் மூவர்: நான், என் இளைய மகன், என் சகலை. எந்தச் செய்தியும் அவரிடம் ஒரு நாள்கூடத் தங்காது என்பதால் உறவினர்கள் அவரை ரேடியோ என்பார்கள். அந்தப் பக்கம் மூவர்: ஆசிரியை, கணினிச் சிப் ஆலைக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி, என் சின்ன மருமகள். வேறு ஒருவரும் இல்லை. அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது ஒரு பேருந்து நிறைய இருப்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மருமகளுக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு ஆண்டுகள் தையல் ஆலையில் இருந்தாள். அதை மூடியபின் சிப் ஆலைத் தொழிலாளர்களுக்கான ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தாள். எங்கள் வீட்டு மருமகள் பையை மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளோடு வகுப்புக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை; அதை நான் மறைக்கவும் இல்லை. ஆனால் சேர்ந்தபின் பாதியில் விடுவது அதைவிட இழுக்கு. அதனால் தினமும் பேருந்து நிறுத்தம் வரை நானே கூடப் போனேன்.

அன்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு; ஆளுக்கொரு நாள் வைத்திருந்தார்கள். தேறினால் அடுத்த வாரமே வேலை. எடுக்கப்போவது ஒருவரைத்தான். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

உள்ளே மஞ்சள் விளக்கு. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே.

"பொட்டலம் கட்டி வச்சிருக்காங்க. இதுல நம்ம பொண்ணு எது?" என்றார் சகலை. மகன் நடையை வைத்து அடையாளம் காட்டினான்.

ஒரு பெட்டியிலிருந்து இருபத்தைந்து சிலிக்கான் தகடுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு பெட்டியில் செருக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசி பட்டாலும் தகடு குப்பைக்குத்தான். ஊசியில் நூல் கோர்த்துப் பழகிய கை, ஒன்றைக்கூட உரசாமல் செருகியது. இருபத்தொன்று முடிந்தது.

அடுத்ததுக்குப் போகும்போது இடுக்கி நழுவித் தரையில் விழுந்தது. விழுந்ததைத் தொடாதே, புதியதைக் கேள் என்பது அங்கே முதல் நாள் பாடம்; தொட்டால் தேர்வு போயிற்று. தையல் ஆலையிலோ கத்தரிக்கோல் விழுந்தால் கை தானாகப் போய் எடுக்கும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் அவளைக் குனிய வைத்தது, எடுத்தும் விட்டாள். அந்த நேரம் ஆசிரியை அதிகாரிக்கு ஏதோ கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் கைபேசியில் இருந்தான். சகலை நாற்காலி தேடிப் போயிருந்தார். பார்த்தது நான் ஒருவன்.

அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். உள்ளதை எழுதுகிறேன்: பேசாமல் மேலே செய் அம்மா என்றுதான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவள் இடுக்கியைத் தனியே வைத்துவிட்டுக் கையை உயர்த்தி ஆசிரியையை அழைத்தாள். தேர்வு அதோடு நின்றது.

வெளியே வந்ததும் அதிகாரி கேட்டார்: "நாங்க யாரும் பார்க்கலையே. ஏம்மா சொன்னீங்க?"

"அந்த இருபத்தொண்ணும் சுத்தமா இருக்கு சார். தரைத் தூசிய உள்ள கொண்டுபோய் அதையும் சேர்த்துக் கெடுக்க மனசு வரல."

அவர் தலையசைத்தார். வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. விதி அப்படி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக, "மாமா, நீங்க பார்த்தீங்கல்ல?" என்றாள்.

"பார்த்தேன்."

"என் இடத்துல நீங்க இருந்தா?"

ஒரு பொய் சொல்லி என் மதிப்பைக் காப்பாற்றியிருக்கலாம். "வாயே திறந்திருக்க மாட்டேம்மா" என்றேன்.

ஈரக் கண்ணோடு சிரித்தாள். "நல்லவேளை, நீங்க பரீட்சை எழுத வரல."

வீட்டில் எது விழுந்தாலும் இப்போது அவள் குனிவதில்லை. கரண்டி விழுந்தால் ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு வேறொன்றை எடுக்கிறாள். அடுத்த தேர்வுக்குப் பயிற்சியாம். பின்னால் போய்ப் பொறுக்கி வைப்பது நான்தான்.

உறவுக்குள் ஒரு பேச்சு நடக்கிறது: நான் கண்ணாடியைத் தட்டி ஆசிரியைக்குக் காட்டிக்கொடுத்தேனாம், குடும்ப மானம் என்றால் மருமகள் என்றும் பார்க்காத மனிதராம். இரண்டு பேர் வீடு தேடி வந்து பாராட்டிவிட்டும் போனார்கள். நான் தட்டவில்லை. என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. சொன்னவள் அவள்.