மிதந்துபோன பாத்தி

ஊர்த்தலைவன் தோச்சின் சொல்லி முடிக்கும்வரை மத்லால் சேற்றுக் கையோடு நின்றாள். மேற்குக் கரை அரசன் இந்த வருஷக் கப்பத்துக்கு மீனும் தவளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். மக்காச்சோளமும் மிளகாயும் காய்த்து நிற்கிற ஒரு பாத்தியையே ஏரியில் மிதக்கவிட்டுக் கொண்டுவர வேண்டுமாம். அதில் ஒரு வாத்து அடைகாக்க வேண்டும். அவன் பார்க்கும்போதே குஞ்சு பொரிக்க வேண்டும். இல்லையென்றால் ஏரி நடுவே குடியேறியிருக்கும் மெஷிகர் கூட்டம் மொத்தமும் தீவைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

தீவில் அப்படிக் காய்த்த பாத்தி ஒன்றே ஒன்றுதான். அது மத்லாலுடையது. தண்ணீர்மேல் கோரைப்பாயைப் பரப்பி, ஏரியடிச் சேற்றை வாரி வாரி அவளும் புருஷனும் போட்டது. போன குளிர்காலத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பாத்தி நகராமலிருக்க ஓரக்கழி அடித்தவன், காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ஏண்ணே, கழுகு உக்காந்த எடம், சாமி காட்டுன எடம்னு சொல்லித்தானே கூட்டியாந்தீங்க? வந்து பாத்தா கள்ளியும் பாம்பும். சரின்னு பாம்பைச் சுட்டுத் தின்னோம். இப்ப வயலையே தூக்கிக் குடுக்கச் சொல்றே."

தோச்சின் அவளுடைய சொந்த அண்ணன். பொறு தங்கச்சி, நமக்கும் காலம் வரும் என்றான். இந்தப் 'பொறு'வைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவள் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிறந்தால் தொப்புள்கொடியை அடுப்படியில் புதைப்பார்கள். ஆண் பிறந்தால் வீரன் ஒருவன் வாங்கிப்போய் எதிரி மண்ணில் புதைக்க வேண்டும். கொடி எங்கே கிடக்கிறதோ அங்கே அந்தப் பிள்ளை ஒருநாள் சண்டைக்குப் போயே தீர வேண்டும். மத்லாலின் மகனுக்கு எட்டு மாதம். புதைக்கிறேன் என்று தோச்சின் வாங்கிப்போன அவன் கொடியும் எட்டு மாதமாக அண்ணன் வீட்டு உத்தரத்தில் பொட்டலமாகத் தொங்கிக் கிடந்தது. கேட்டால், சண்டை வரட்டும் என்பான். இவனுக்கெல்லாம் கேடயம் ஒரு கேடா?

அன்று சாயங்காலமே அவள் பொட்டலத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

பாத்தியில் அடைவைத்த வாத்தின் முட்டை விரியும் பருவம் வந்ததும் கழிகளைப் பிடுங்கிப் பாத்தியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அவளும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அண்ணனின் ஓடத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

கரை தொட்ட சற்று நேரத்தில் குஞ்சு வெளியே வந்தது. அரசன் கைதட்டிச் சிரித்தான். செடி வாடக்கூடாது, மண்ணோடு அப்படியே என் தோட்டத்தில் இறக்குங்கள் என்று உத்தரவிட்டான். அவன் ஆட்களே கூடை கூடையாகச் சுமந்து அரண்மனைத் தோட்டத்தில் கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள். மத்லால் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது தோச்சினுக்கு ஒரே குஷி. வருஷா வருஷம் இப்படியே தப்பித்துக்கொள்ளலாம் என்றான். நடு ஏரி வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"உத்தரத்துல பொட்டலம் இல்லையே, கவனிச்சியாண்ணே?"

அவன் துடுப்பு நின்றது.

"மொளகாச் செடிக்கு அடியில வச்சுட்டேன். நீ பொதைக்கல. அவன் ஆளுங்களே பொதைச்சுட்டாங்க."

தோச்சினின் முகம் வெளுத்தது. தெரிந்தால் தீவையே கொளுத்திவிடுவார்கள் என்றான். போய்த் தோண்டி எடுத்துவிடலாமா என்றும் கேட்டான். புதைத்த கொடியை எவனும் தோண்டக் கூடாது. அது அவனுக்கே தெரியும்.

"எம்மவன் அங்க போயே ஆகணும். இன்னும் பதினஞ்சு வருசம் கெடக்கு. தனியா அனுப்புவியா, கூடப் போவியா? இப்பவே சொல்லு."

அவன் அரண்மனைக் கரையையே திரும்பிப் பார்த்தான். மத்லால் அவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கித் தானே வலிக்கத் தொடங்கினாள்.