அறுந்த நாண்

என் முதற்கணவர் யசோகிச்சி கடலில் மறைந்தார். உடலும் கரை சேரவில்லை. ஓராண்டு கழிந்தபின் அவருடைய தம்பி தொமெசோவுக்கு என்னை மணமுடித்து வைத்தார்கள். இதனை இறந்தவருக்கு முறைப்படி தெரிவித்துவிட வேண்டும் என்பதற்காகவே, பனி உருகும் பருவத்தில் ஒரு முற்பகல் வேளையில் நாங்கள் இருவரும் இசோ அம்மையாரின் இல்லத்திற்குச் சென்றோம். பார்வையற்ற அவர்தாம் எங்கள் கடற்கரையில் இறந்தோரை அழைத்துப் பேசவைப்பவர்.

அம்மையார் கவிழ்த்த மரத்தொட்டியின்மேல் வில்லைக் கிடத்தி, மூங்கில் குச்சியால் நாணைத் தட்டத் தொடங்கினார். அந்த ஒலியில்தான் ஆவி வரும். அதே ஒலியில்தான் திரும்பிச் செல்லவும் வேண்டும்.

"ரொம்பக் குளிருது," என்றார். குரல் யசோகிச்சியுடையது.

அக்கணமே நாண் அறுந்தது.

குச்சி உருண்டோடியது. அம்மையாரின் கைகள் மடியில் அசைவற்றுக் கிடந்தன. வாய் மட்டும் ஓயவில்லை.

"குளிக்கத் தண்ணி காயுதா, ஃபுயோ? வா, வீட்டுக்குப் போலாம். பக்கத்துல யாரு, தொமெசோவா? என் பஞ்சுச் சட்டைய நீ எதுக்குடா போட்டிருக்கே? தோள்ல நிக்கவே இல்லையே, நண்டுக்குஞ்சு!"

தொமெசோவின் முகம் வெளிறியது. "அண்ணி," என்றார். மணமான பின்னர் அவர் என்னை அவ்வாறு அழைத்ததேயில்லை. "ஏதாவது பண்ணுங்க அண்ணி. அண்ணன் போகமாட்டேங்கிறாரு."

அம்மையாரின் உடல் மெல்ல எழுந்து வாசலை நோக்கித் திரும்பியது. எங்கள் வீட்டிற்கே வந்துவிடுவாரோ என்று அஞ்சினேன்.

நாண் இல்லாவிடில் ஜெபமாலையை உரசி வழியனுப்பலாம் எனக் கேள்விப்பட்டிருந்தேன். அம்மையாரின் கழுத்திலிருந்து அதனைக் கழற்றினேன். கரிய மணிகளுக்கிடையே நரியின் தாடையெலும்பும் கரடியின் நகமும் கோக்கப்பட்டிருந்தன. உரசினேன். நகம் என் உள்ளங்கையைக் கீறியது. மாலையின் மறுமுனையை அவர் பற்றிக்கொண்டார்.

"என்னைத் துரத்துறியா?"

"ஐயோ, இல்லீங்க. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வர்றேன்."

"எப்போ?"

"கணவாய் மீன் வர்ற காலத்துல."

"ஏமாத்தமாட்டியே?"

"மாட்டேங்க."

பிடி தளர்ந்தது. அம்மையார் சரிந்து அமர்ந்து, தண்ணீர் கேட்டார். பின்னர் வில்லைத் தடவிப் பார்த்தார்.

"அட, அறுந்துபோச்சா! அப்புறம் எப்படிப் போனாரு? செத்தவங்க லேசுல நகரமாட்டாங்களே. ஏம்மா, வாக்கு எதுனா குடுத்தியா? குடுத்திருந்தா சொல்லிடு. வேற நாண் வச்சிருக்கேன். மறுபடி கூப்பிட்டுத் திருப்பி வாங்கிடலாம். இன்னைக்கு விட்டா முடியாது."

தொமெசோவை நோக்கினேன். அனைத்தையும் கேட்டிருந்த அவர், பஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டியவாறு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

அம்மையார் புதிய நாணை இழுத்துக் கட்டி, விரலால் ஒருமுறை சுண்டினார். அந்த அதிர்வு என் பற்கள்வரை ஏறியது. இன்னொரு முறை அவர் சுண்டினால், மீண்டும் அந்தக் குரல்.

"ஒண்ணும் குடுக்கலீங்க அம்மா," என்று தரைதொட வணங்கிவிட்டு, வாசலுக்கு விரைந்தேன்.