அணைத்து வைத்த கோடுகள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்கு பிளான் வரையும் அலுவலகம், மொத்தம் ஒன்பது பேர். யாருடைய திரையிலாவது சுவர் மெலிந்து கதவு தடித்துத் தெரிந்தால், "கோட்டக்கா, இத கொஞ்சம் பாருங்களேன்" என்று குரல் வரும். அவள் போய்ப் பின்னால் நின்று இரண்டு மூன்று இடத்தில் கிளிக் பண்ணச் சொல்வாள். சரியாகிவிடும். "நம்ம கைரேகைய நீட்டினாக்கூட நேராக்கிக் குடுத்துடுவாங்க" என்பார் முதலாளி.

கட்டடம் முழுவதும் கம்ப்யூட்டருக்குள் ஒரே உருவமாக நிற்கும். பிளான் என்பது அதை மேலிருந்து பார்க்கும் ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வையில் எந்தக் கோடு தடிமனாக வர வேண்டும், எது மெல்லியதாக, எது விட்டுவிட்டு வர வேண்டும், எது வரவே கூடாது என்று தீர்மானித்து, அத்தனையையும் ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைப்பாள். அலுவலகத்துக்கு ஒரே டெம்ப்ளேட். வெளியே போகிற ஷீட் எல்லாம் அதில்தான் போக வேண்டும். பதினாறு வருஷமாக அந்தப் பொறுப்பு அவளுடையது.

போன வருஷம் மெல்லிய கோடுகள் காணாமல் போக ஆரம்பித்தன. மங்கலாகத் தெரிந்தன என்று சொல்ல முடியாது. நேராகப் பார்த்தால் இல்லை; பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் அங்கேதான் இருந்தன. இரண்டு தடவை கண்ணாடி மாற்றினாள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் கண்ணுக்குள் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "விழித்திரைலதான் பிரச்சினை. நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும். ஓரத்துல இருக்கறது இருக்கும்" என்றார்.

"ஆபரேஷன் பண்ணினா?"

"இதுக்கு ஆபரேஷன் இல்லம்மா."

"மருந்து ஏதாவது?"

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "குழந்தைங்க இருக்காங்களா? ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. இது பரம்பரையா வரலாம்" என்றார்.

பதினாலு வயதில் ஒரு மகள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் கணவரிடம், "பவர் ஏறியிருக்காம்" என்று மட்டும் சொன்னாள். அவர் களைத்துப்போய் வந்திருந்தார். "கம்ப்யூட்டரையே உத்துப் பாத்தா ஏறாம என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் அவள் இன்னொரு டெம்ப்ளேட் செய்தாள். 'தற்காலிகம்' என்று பேர் வைத்தாள். எல்லாக் கோட்டையும் இரண்டு மடங்கு தடிப்பாக்கினாள். மெல்லியவற்றுக்கு அடர்நீலம் கொடுத்தாள். விட்டுவிட்டு வரும் கோடுகள்தான் வழிக்கு வரவில்லை. கோட்டில் இருக்கும் இடைவெளியும் கண்ணில் விழுந்திருக்கும் இடைவெளியும் ஒன்றோடொன்று கலந்து எறும்பு ஊர்கிற மாதிரி ஓடின. தலை சுற்றியது. அவற்றை மொத்தமாக அணைத்துவிட்டாள். தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி அணைப்பாள். ஷீட் வெளியே போகுமுன் எல்லாவற்றையும் அலுவலக டெம்ப்ளேட்டுக்கு மாற்றிவிடுவாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துத் திரையைப் பார்ப்பதைக் கவனித்து யாராவது கேட்டால், கழுத்துப் பிடிப்பு என்பாள். ஏழு மாதம் இப்படி ஓடியது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்போது மாணவர் விடுதி ஒன்றின் வேலை நடந்துகொண்டிருந்தது. நாலு மாடி. தரைத்தள ஷீட்டுகள் அன்று மாலைக்குள் போக வேண்டும். காலை பதினொரு மணிக்கு மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. விளையாட்டு நேரத்தில் பந்து முகத்தில் பட்டு மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லையாம். பக்கத்து மேஜையில் இருந்த பையனிடம் — பெரிய மீசை வைத்திருந்ததால் அவன் பேரே மீசை, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது — "ஷீட்ட நீ அனுப்பிடுப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கிளினிக்கில் மகள் பஞ்சை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பந்து வர்றத பாக்கலையாடி?"

"பாத்துட்டேதான்மா இருந்தேன். நடுவுல காணோம். திடீர்னு மூஞ்சில."

அவள் பஞ்சை வாங்கித் தானே அழுத்திப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மீசையின் போன்.

"அக்கா, கோடெல்லாம் கொஞ்சம் தடியா இருக்கற மாதிரி இருக்கே. பரவாயில்லையா?"

மகளின் ரத்தம் விரலிடுக்கில் பிசுபிசுத்தது. "இருக்கட்டும்பா. அனுப்பிடு."

மாலை ஐந்து மணிக்கு, பஸ்ஸில், மகள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது அது உறைத்தது. ஷீட்டுகள் 'தற்காலிக'த்தில் போயிருக்கின்றன. விட்டுவிட்டு வரும் கோடு ஒன்றுகூட அவற்றில் இருக்காது. குளியலறைக் குழாய்கள் மேல்தளத்துக்குப் போவதற்கான திறப்புகள் தலைக்கு மேலே வருவதால், பிளானில் அந்தக் கோட்டில்தான் காட்டியிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அலுவலகம் போய், டெம்ப்ளேட்டை மாற்றி, சரியான ஷீட்டுகளை மறுபடி அனுப்பினாள். 'பழையதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த வரியை மென்று முழுங்கிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மேஸ்திரி முதலாளிக்குப் போன் செய்தார். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "ஸ்லாப் போட்டாச்சு சார். இப்ப பிளம்பர் வந்து ஓட்டை எங்கன்னு கேக்கறான். நீங்க குடுத்த பிளான்ல ஒரு ஓட்டையும் இல்லையே. சென்டரிங் பலகைல ஓட்டைக்குப் பெட்டி வைக்கணும்னு யாரும் சொல்லலையே!"

பதினாலு திறப்புகள். சைட்டில் முதலில் வந்த ஷீட்டையே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது வந்ததை, அதே ஷீட் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று நினைத்து யாரும் திறக்கவில்லை. இனிமேல் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும். சில இடத்தில் கம்பியும் அறுபடும்.

அனுப்பியது மீசையின் மெயிலிலிருந்து. முதலாளி எல்லோர் முன்னாலும் அவனை நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி பேசினார். "கண்ணுல விளக்கெண்ணெய விட்டுட்டுப் பாக்க வேண்டிய வேலைடா இது!"

"சார், நான் கோட்டக்காகிட்ட கேட்டேன்…"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வாயைத் திறந்தாள். "தடிமனப் பத்திக் கேட்டான்" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மீசை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. காது தெரிந்தது, தோள் தெரிந்தது. நடுவில் முகம் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. மதியம் அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றி, டெம்ப்ளேட்டைப் பற்றி, எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைப் பற்றி.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"தப்புதான் சார். அவன திரும்பக் கூப்பிட்டுடுங்க."

"எப்படிக் கூப்பிடறது? தப்பு பண்ணினவன அனுப்பிட்டோம்னு விடுதிக்காரங்களுக்கு நேத்தே எழுதிக் குடுத்தாச்சு. இப்ப அவன் இங்க உக்காந்திருந்தா இருக்கற வேலையும் கைவிட்டுப் போயிடும்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உங்கள நான் ஒண்ணும் திட்டப் போறதில்ல. பதினாறு வருஷம். ஆனா, கோடு தெரியாதவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

வெளியே வந்து மீசைக்குப் போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா."

"சரிக்கா. இப்ப சொல்லி யாருக்கு என்ன?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அவன் எடுக்கவே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த கணவர், அவள் வீட்டில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். இந்தத் தடவை எதையும் பாக்கி வைக்காமல் சொன்னாள். கிரீஸ் கறை படிந்த கையோடு அவர் அப்படியே நின்றார்.

"ஏழு மாசமா?"

"ஆமா."

"ஏழு மாசமா நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சோற்றில் கை வைக்கவில்லை. "பாப்பாவ எப்ப கூட்டிட்டுப் போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் போனார்கள். அதே டாக்டர், அதே வெளிச்சம். மகள் எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரியைத் தவிர எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். வந்து காட்டினால் என்ன ஆகும் என்று கணவர் கேட்டார். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும் என்றார் டாக்டர்.

கணவர் அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் திரும்பாமலே கேட்டாள்.

"என் வயசுல உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லடி. நல்லாத்தான் இருந்தேன். உனக்கும்…"

"அம்மா." மகள் இப்போது திரும்பினாள். "என்கிட்டயாவது மறைக்காம சொல்லு."

அவள் மகளின் முகத்தைப் பார்க்க முயன்றாள். ஓரக்கண்ணால் பார்த்தால் கன்னமும் பின்னலும் தெரிந்தன. பின்சீட்டில் யாரோ கண்டக்டரிடம் சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பதினஞ்சு வயசுல ஊசில நூல் கோக்க முடியாம அழுதேன்" என்றாள். "எல்லாரும் பொறுமை இல்லன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ரொம்ப வருஷம் ஒண்ணும் தெரியல. திடீர்னு வேகமா போச்சு."

"எனக்கும் அப்படித்தான் ஆகுமா?"

"தெரியலடி. எனக்கு முன்னாடியே உனக்கு வந்துடும்போல இருக்கு."

மகள் அழவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெளியே ஓடிய கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக, உதடு அசைய, படித்துக்கொண்டே வந்தாள். சில பலகைகளைத் தாண்டும்போது உதடு நின்றது. எந்தப் பலகைகள் என்று அம்மா பார்க்கவில்லை.