ஏரல் பஸ்ஸில் இருக்கும் கைகள்

திருநெல்வேலி–ஏரல் பஸ்ஸின் டிரைவர் இசக்கியப்பன் ஒரு சித்திரை மாதம் தொடர்ந்து மூன்றாவது டூட்டி முடித்து இறங்கியபோது, முழங்கைக்குக் கீழே அவருடைய இரண்டு கைகளும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே இருந்துவிட்டன. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. ஆள் பற்றாக்குறை என்று ஒருத்தர் தலையில் மூன்று பேர் வேலையைக் கட்டினால் இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும். மறுநாள் கைகள் தாமாகவே பஸ்ஸை எடுத்தன. பிரேக், கிளட்ச் மிதிக்கும் கால் வேலையை யார் பார்த்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தால் ஜனங்களுக்குப் போதும். நிர்வாகத்துக்கும் சந்தோஷம். கை டீ கேட்காது, லீவு கேட்காது.

இசக்கியப்பனின் மனைவி கோமு அப்போது மாசமாக இருந்தாள். ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. ஏழு வருஷம் தவம் கிடந்து பிறந்த பிள்ளையைத் தகப்பன் தூக்க வழியில்லை. அதே பஸ்ஸின் கண்டக்டரும் சங்கச் செயலாளருமான மந்திரமூர்த்தி வீட்டுக்கு வந்தார். "அழாதேயும் வே. உம்ம கையை வாங்கித் தராம சங்கம் ஓயாது" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

ஆவணியில் ஸ்டிரைக் தொடங்கியது. எட்டு மணி நேர வேலை, வார ஓய்வு, புது ஆட்கள், கடைசியாக இசக்கியப்பனின் கைகள். ஒரு டிரைவரும் வண்டியைத் தொடவில்லை. விசில் கொடுக்க ஆள் இல்லாமல் ஏரல் பஸ்ஸும் கிளம்பவில்லை. ஆற்றங்கரை ஊர்களெல்லாம் நடந்தே டவுனுக்கு வந்து போயின. டெப்போவில் பஸ் சும்மா நிற்க நிற்க, ஓய்வு கண்ட விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. கட்டைவிரல்கள் மட்டுமே மிச்சம். கோமு பிள்ளையோடு டெப்போ வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியம் மந்திரமூர்த்தி பேச்சுவார்த்தையிலிருந்து மாலையோடு வந்தார். கேட்டதில் முதல் மூன்றும் கிடைத்துவிட்டன. பதிலுக்கு நிர்வாகம் கேட்டது ஒன்றுதான்: ஏரல் பஸ் இப்போதே கிளம்ப வேண்டும், கைகள் அதிலேயே இருக்க வேண்டும். தோழர்கள் வெடி போட்டார்கள்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு நாள் நின்னா வந்திரும். கட்டைவிரல்தான் பாக்கி" என்றார் இசக்கியப்பன்.

"எண்ணூறு குடும்பம் வே. உம்ம ஒருத்தருக்காக எத்தனை நாள் பட்டினி கெடக்கது?"

"பிள்ளை தலையில அடிச்சுச் சொன்னியளே, அண்ணாச்சி."

மந்திரமூர்த்தி பஸ்ஸில் ஏறி விசில் அடித்தார். பழகிய விசில். விரல்கள் பத்தும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டன. எதிரி செய்திருந்தால் பொறுக்கலாம். கூட இருந்தே குழி பறித்ததை எங்கே போய்ச் சொல்ல? வெடி போட்டவர்களில் ஒருவர்கூட இசக்கியப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான், பாவம் என்று எழுதலாம். எழுத மனசு வரவில்லை.

வருஷம் நாலாகிறது. டிரைவர்கள் எட்டு மணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏரல் பஸ் மட்டும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இசக்கியப்பனும் கோமுவும் டிக்கெட் எடுத்துப் பிள்ளையோடு அதில் ஏறுகிறார்கள். ஏரலில் பஸ் நிற்கும் கொஞ்ச நேரம் கோமு பிள்ளையை அந்தக் கைகளின் மேல் உட்கார வைக்கிறாள். கைகள் ஆடாமல் அசையாமல் தாங்கிக்கொள்கின்றன. இசக்கியப்பன் பக்கத்தில் நின்று பார்க்கிறார். கிளம்பும் நேரமானதும் யாரும் சொல்லாமலேயே பிள்ளை இறங்கிவிடுகிறது.