ஏரலுக்குப் பிறகு

ஜோனுக்குக் கல்யாண ஆசை வந்தபோது வயது அறுபத்தொன்று. வர வேண்டிய வயதில் வராமலில்லை. வந்து, வாசலோடு திரும்பிப் போய்விட்டது. அப்பா சீக்கிரம் போனார், அம்மா படுக்கையில் விழுந்தாள், தம்பி ஆம்ப்ரோஸைக் கரையேற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டே தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்றபின், சாந்தோமில் ஆம்ப்ரோஸும் அவன் மனைவி கரோலும் மாடியில் இருக்க, முட்டி தேய்ந்த ஜோன் கீழ்ப்போர்ஷனில் இருந்தாள்.

"நடக்கணும். ஆனா ஏற்றம் இறக்கம் கூடாது" என்று டாக்டர் சொன்னதால்தான் நஸ்ருன்னிசாவின் நடைக்குழுவில் சேர்ந்தாள். நஸ்ருன்னிசா அடையாறுக்காரி, வங்கி மேனேஜராக இருந்தவள். குழுவில் எல்லாருக்கும் முட்டியில் ஏதோ ஒரு கோளாறு. அவர்களுக்காக மேடில்லாத வழிகளாகத் தேடிப் பிடிப்பாள்: ஆற்றோரம் முகத்துவாரம் வரை ஒரு நாள், பெசன்ட் நகர் கடற்கரை ஒரு நாள், சனிக்கிழமையானால் சாந்தோம் லூப் ரோடு.

அந்தக் குழுவுக்கு ஒருநாள் சுயம்புலிங்கம் வந்து சேர்ந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து, கடை மகன் ஆனந்தகுமாரின் கைக்குப் போய், காலைப்பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் நடக்க வந்தவர். அவர் முட்டியில் ஒரு குறையும் கிடையாது. விறுவிறுவென்று முன்னால் போகக்கூடியவர், இரண்டாவது வாரத்திலிருந்தே ஜோனின் வேகத்துக்கு இறங்கிவிட்டார். மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஒருநாள் முகத்துவாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"டீச்சர், நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"மிச்ச நாளையும் இப்படியே சேர்ந்து நடந்துரலாமா?"

ஜோனுக்குக் காது மடல் சுட்டது. "வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"ஊர்ல அண்ணன் ஒருத்தர் சம்மதிச்சாப் போதும். ஆனந்த் அவர் பேச்சைத் தட்ட மாட்டான். அண்ணன்கிட்ட நேர்ல சொல்லணும். உங்களையும் அவர் பார்க்கணும்."

அதற்கு வழியும் அவரே சொன்னார். தாமிரபரணியின் கடைசிப் பகுதி முழுக்கச் சமவெளி. ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிக் கரையோடு நடந்தால் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல், ஆத்தூர் என்று சின்னச் சின்ன ஊர்களாக வரும். கால் வலித்த இடத்தில் டீக்கடை இருக்கும். ஆறு கடலில் சேர்கிற புன்னைக்காயலில் நடையை முடித்துக்கொள்ளலாம். பெட்டிகள் வேனில் வந்துவிடும். நஸ்ருன்னிசா கேட்ட உடனேயே ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முன் ஜோன் கரோலிடம் சொன்னாள். கரோல் அவளைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, ஃபாதர்கிட்ட நான் பேசறேன். சர்ச்ல முடியலேன்னா ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், அதுக்கென்ன" என்றாள். ஆம்ப்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். பிறகு அக்காவின் நடக்கிற செருப்பை எடுத்துப் பார்த்து, "இது தேஞ்சு போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே புதுசு வாங்கி வந்தான்.

செந்தூர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினார்கள். முதல் நாள் நடந்ததைப்போல ஜோன் வாழ்க்கையில் நடந்ததில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வாழை. கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு மேடு கிடையாது. வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்து காட்டிய ஆற்றுச் சமவெளிக்குள் இப்போது தன் காலாலேயே போய்க்கொண்டிருந்தாள். ஊருக்குள் நுழைந்தால், பெருவெள்ளம் வந்துபோன மண் கோடு சில சுவர்களில் தலைக்கு மேல் தெரிந்தது. கீழே அதே சுவரோரம் உட்கார்ந்து பெண்கள் வாழை இலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுயம்புலிங்கம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார். தென்திருப்பேரை தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு மத்தியானம் ஏரல்ல அண்ணன் வீட்டுலதான் சாப்பாடு. இலை எடுக்கிறதுக்குள்ள சொல்லிருவேன்" என்றார்.

ஏரலில் பெரிய வீடு. ஹாலில் எல்லாருக்கும் பந்தி போட்டிருந்தார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்ததுமே அண்ணன் சுயம்புலிங்கத்தைத் தோளில் கைபோட்டு உள்ளறைக்குக் கூட்டிப் போனார். கதவு சாத்திக்கொண்டது. சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள் ஜோன். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

வெளியே வந்தவர் முகம் அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. நேராகப் போய் இலையின் முன் உட்கார்ந்துகொண்டார், ஜோனுக்கு எதிர் வரிசையில், கடைசியில்.

அவருடைய அக்கா தங்கம் பரிமாறிக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷி. ஜோனின் இலைக்கு முன் நின்று, "இவிய யாரு தம்பி? முகத்தைப் பாத்தா ரொம்பக் களைச்சுப் போயிருக்காவளே" என்று கேட்டாள்.

பந்தி முழுக்க அவரைப் பார்த்தது. அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "வாக்கிங் குரூப்ல வர்ற ஒரு டீச்சர்" என்றார். "முட்டி வலி. இவங்களுக்காக எல்லாரும் மெதுவா நடக்க வேண்டியதாயிருக்கு."

அண்ணன் பலமாகச் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். நஸ்ருன்னிசா மட்டும் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்று தங்கம் ஜோனிடமே கேட்டாள்.

"இல்லைங்க. எனக்குக் கல்யாணம் ஆகலை."

"அடக் கடவுளே. துணைக்கு ஒருத்தரும் இல்லியா?" தங்கத்துக்கு உண்மையாகவே கண் கலங்கியது. இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். ஜோன் அதைக் குடித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

மத்தியானம் அவர் நடக்க வரவில்லை. வேனில் ஏறி ஆத்தூருக்கு முன்னால் போய்விட்டார். அன்று சாயங்காலம், ஆத்தூரில் அவர்கள் தங்கிய விடுதி வாசலில், ஜோன் தனியாக இருந்த நேரம் பார்த்து வந்து நின்றார்.

"ஆனந்துக்கு எப்படியோ தெரிஞ்சு, முந்தியே போன் போட்டு அண்ணன்கிட்ட அழுதிருக்கான், டீச்சர். சரண்யா வீட்டு ஆளுங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கேட்டிருக்கான். அண்ணன், 'நான் செத்தப்புறம் என்னமும் பண்ணிக்கோ'ன்னுட்டார். நான் என்ன செய்ய?"

சரண்யா அவருடைய மருமகள். அவளை ஜோன் பார்த்ததுகூட இல்லை.

"அவங்க வேண்டாம்னு சொன்னது எனக்குப் புரியுது" என்றாள் ஜோன். "அதை நீங்க என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், அப்புறம் ஒத்துக்கிட்டிருப்பேன். ஆனா ஒரு டீச்சர்னீங்க."

"எல்லாரும் இருக்கும்போது..."

"எனக்கு ஒரு பேர் இருக்கு. 'ஜோன், என் சிநேகிதி'ன்னு சொல்லியிருந்தா யார் என்ன சொல்லியிருப்பாங்க? எல்லாரையும் சிரிக்க விட்டீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும்விட வலித்தது. உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் பஸ் பிடித்து ஏரலுக்கே திரும்பிவிட்டதாக நஸ்ருன்னிசா வந்து சொன்னாள். "நாமளும் வேன்லயே போயிடலாம் ஜோன்."

"வேண்டாம் நஸ்ரு. நான் நடக்கிறேன்."

வெற்றிலைக் கொடிக்கால்கள் முடிந்து, பனை வந்து, பனையும் அற்று உப்பளம் வந்தது. நஸ்ருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். புன்னைக்காயல் மாதா கோயிலில் ஜோன் முழந்தாளிட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து கும்பிட்டாள். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே வந்து, ஆறு கடலோடு கலக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேனில் ஏறிக்கொண்டாள்.

சாந்தோமில் கரோல் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஜோனின் முகத்தைப் பார்த்ததும் வாயில் இருந்த கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டாள். விஷயம் தெரிந்ததும், "கடைக்கே போய் நாலு பேர் முன்னால கேக்கறேன்" என்று ஆம்ப்ரோஸ் சட்டையை மாட்டினான். ஜோன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கேட்டா? இல்லைன்னு இன்னொரு தடவை சொல்லுவார். அதையும் நான் கேக்கணுமா?"

அவள் அழவில்லை. அதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மேப் வரைந்து கொடுத்தாள். சுயம்புலிங்கம் தி. நகரிலேயே ஏதோ பார்க்கில் நடப்பதாக யாரோ சொன்னார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. அவர் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. ஜோனும் செய்யவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நஸ்ருன்னிசா வற்புறுத்திக் கூப்பிட்டதால் லூப் ரோடு நடைக்கு வந்தாள். நடை முடிந்து எல்லாரும் கலைந்ததும் நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்க நின்றாள். விஜயலக்ஷ்மியிடம்தான் வாங்குவது வழக்கம். முன்பெல்லாம் அவள் மீனை எடை போடும்போது பக்கத்தில் சுயம்புலிங்கம் பையை விரித்துப் பிடித்தபடி, வாடை தாங்காமல் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்.

"வா டீச்சரம்மா! எம்மாம் நாளாச்சு உன்னப் பாத்து!" என்று விஜயலக்ஷ்மி கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னா, தனியா வந்துகினு கீற? உன் வூட்டுக்காரரு எங்க?"

ஜோன் பையை விரித்தாள்.

"அவர் இனிமே வர மாட்டார்" என்றாள்.

விஜயலக்ஷ்மி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயய்யோ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுந்தாள். "எப்போம்மா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? உன் பக்கத்துலயே நின்னுகினு இருப்பாரேம்மா மனுசன்." ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஜோனைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

இல்லை, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஜோனுக்கு அது தெரிந்தது. ஆனால் அவளையும் அவரையும் ஜோடியாக ஒருத்தி பார்த்திருக்கிறாள், அதை வாயால் சொல்கிறாள். ஏரலிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அப்போது உடைந்தது. மீன் செதில் ஒட்டியிருந்த அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படியாக, வாய்விட்டு அழுதாள்.

"அழு, நல்லா அழு" என்று விஜயலக்ஷ்மி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கூடைக்காரி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஜோன் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.